எதையும் அமுக்காமல் இருந்தால்

சேலையூர்,
4.2.2007

அன்புள்ள அக்காவுக்கு சூரி எழுதுவது.

இங்கே லோகாவும் நானும் நலம். லோகாவுக்கு இடது கண்ணில் புரை என்கிறார்கள், கோடையில் பார்த்துக்கொள்ளலாமாம். எனக்கு நெஞ்சு வலி கிடையாது, மாத்திரை தவறுவதில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தைத் தடவுகிறாயா, இல்லை அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறாயா?

ஆபீஸில் என் போன் போர்டை எடுத்துவிடப் போகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் கட்டி மேய்த்த போர்டு. நாலு வெளி லைன், நாற்பத்தெட்டு எக்ஸ்டென்ஷன், எல்லாம் இந்த விரல்களுக்குப் பாடம். இனிமேல் ஓசூர் தொழிற்சாலைக்கும் ஜெர்மனிக்கும் இன்டர்நெட் வழியாகப் பேசிக்கொள்ளலாமாம். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஒரு மிஷின் எடுத்து, விற்பனைக்கு ஒன்றை அமுக்கு, சர்வீஸுக்கு இரண்டை அமுக்கு என்று சொல்லுமாம். எனக்கு டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒரு நாற்காலி. “உங்களுக்கும் ரெஸ்ட் வேணுமில்லையா சார்?” என்றார் எங்கள் நிர்வாக மேனேஜர் எட்மண்ட். ரெஸ்ட் எடுக்கத்தான் சுடுகாடு இருக்கிறதே என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

நாற்காலி மாறுவதில் எனக்குக் கவலையில்லை அக்கா. புதன்கிழமைதான் கவலை.

உனக்குத் தெரிந்த கதைதான். உன்னைத் தவிர யாரிடம் சொல்லி அழுவேன்? ப்ரியா அந்தப் பிரேமோடு போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் போன இரண்டாம் வருஷம், ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்கு ஆபீஸ் லைனில் “அப்பா” என்றாள். பெற்ற மகள் கூப்பிட்டாள், நான் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு புதன்தோறும் அதே நேரத்துக்கு மணி அடிக்கும். நான் “வணக்கம்” என்பேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். வைத்துவிடுவேன். வீம்புக்கு மருந்து ஏது?

பைபாஸ் முடிந்து வேலைக்குத் திரும்பினால் அழைப்பு நின்றிருந்தது. மூன்று புதன் வரவில்லை என்று உனக்குப் புலம்பி எழுதினேனே, நினைவிருக்கும். நாலாவது புதன் வந்தது. அன்றோடு வைப்பதை நிறுத்தினேன். போன வருஷம் பொங்கல் கழிந்த புதனன்று, தொண்டையில் நின்றதையெல்லாம் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று உனக்கு எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அது எனக்கும் அவளுக்கும். இப்போது வாரம் ஐந்து நிமிஷம் வீட்டு நியாயம் சொல்கிறேன், வாய் பேசாமல் கேட்கிறாள். இன்றைக்கில்லாவிட்டால் ஒரு நாள் வாய் திறப்பாள். அந்த நாள் நான் லைனில் இருக்க வேண்டும். மிஷின் எடுத்தால் பயந்து வைத்துவிட மாட்டாளா?

லோகாவுக்கு இந்தப் புதன் சமாச்சாரம் இன்றுவரை தெரியாது. ப்ரியா பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சத்தம் போட்டவன் நான். எந்த வாயால் போய்ச் சொல்வேன்?

உன் பக்கத்து வீட்டு போன் நம்பரை எத்தனை தடவை கேட்டுவிட்டேன்? அனுப்பு.

உன் தம்பி,
சூரி


விருத்தாசலம்,
13.2.2007

சிரஞ்சீவி சூரிக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான். வாத்தியார் வேலையில் முப்பது வருஷம் நின்ற கால், இப்போது உட்காரு என்றால் கேட்கிறதா?

டெஸ்பாட்சுக்குப் போ. இருதயத்தில் தையல் போட்டவனுக்கு அந்த ஓட்டம் எதற்கு? பழைய போர்டோடு மற்றதையும் விட்டுவிடு. சில காரியங்கள் தானாக முடிந்தால் நல்லதுதான். நான் சொல்வதைக் கோபமில்லாமல் யோசித்துப் பார்.

பக்கத்து வீட்டில் போன் பழுது. எனக்குக் கடிதம் போதும்.

லோகாவைக் கண்ணைக் கவனிக்கச் சொல்.

நாகலக்ஷ்மி


சேலையூர்,
25.2.2007

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். “மற்றதையும் விட்டுவிடு” என்று எப்படி எழுத வந்தது உனக்கு? ப்ரியாவுக்கு முதலில் தலை பின்னிவிட்டவளே நீதான். இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன், உனக்குத் தெரியாமலே அது தீர்ந்தும் போனது.

நல்ல செய்தி இருக்கிறது. புது சிஸ்டம் பொருத்த வந்திருக்கும் இன்ஜினீயர் பேர் சிட்டிபாபு, பொழிச்சலூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. வயருக்கு நடுவே படுத்துக்கொண்டே பேசுவார். அவரிடம் புதன்கிழமையைப் பற்றிச் சொன்னேன். மகள் என்று சொல்லவில்லை, வேண்டியவர் என்றேன்.

“இன்னா சார் இதுக்குப் போயி பேஜார் ஆவுறே? ஒண்ணியும் அமுக்காம கம்முனு இருந்தா பத்து செகண்டுல ஆபரேட்டருக்கே வந்துடும் சார். ஆபரேட்டர் போனை உன் டெஸ்பாட்ச் டேபிள்ல வெச்சுட்டாப் போச்சு” என்றார். எட்மண்டும் போனால் போகிறதென்று தலையாட்டிவிட்டார்.

இதைக் கேள். புது போனில் சின்னத் திரை ஒன்று இருக்கிறது. கூப்பிடுகிறவர் நம்பர் அதில் விழும். “எந்த ஊர்லேர்ந்து பண்ணாலும் கோடோட காட்டும் சார்” என்றார். நம் நாட்டு எஸ்.டி.டி. கோடெல்லாம் எனக்கு மனப்பாடம் என்பது உனக்குத் தெரியும். அந்தத் திரையில் ஒரு தடவை நம்பர் விழட்டும், என் பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். மறுநாளே ரயில் ஏறுவேன். அவள் வாய் திறக்கும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம்.

மார்ச் இருபத்தெட்டு, புதன்கிழமை, புது சிஸ்டம் ஆரம்பம். கிழமையைப் பார்த்தாயா?

சூரி


விருத்தாசலம்,
20.3.2007

சூரிக்கு,

பதில் தாமதம். உடம்பு சரியில்லை, பெரிதாக ஒன்றுமில்லை.

நம்பரைத் தேடாதே. சொல்ல வேண்டும் என்று இருந்தால் அவளே சொல்லியிருப்பாள். மறைத்து வைத்திருப்பதைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது நியாயமா? நீ போய் நின்று, அங்கே நீ நினைத்தது இல்லையென்றால் உன் நெஞ்சு தாங்குமா? டாக்டர் என்ன சொன்னார் என்பது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை.

நான் கேட்டு நீ எதையும் மறுத்ததில்லை. இதையும் மறுக்காதே.

நாகலக்ஷ்மி


சேலையூர்,
12.4.2007

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதினால் பொய்.

மார்ச் இருபத்தெட்டு அழைப்பு வரவில்லை. புது மிஷின் தடுமாறியிருக்கும் என்று நினைத்தேன். ஏப்ரல் நாலு வரவில்லை. சிட்டிபாபுவைக் கூப்பிட்டு, அவருடைய செல்லிலிருந்து பத்துத் தடவை அடிக்கச் சொன்னேன். பத்துத் தடவையும் கம்மென்று இருந்தார், பத்துத் தடவையும் எனக்கே வந்தது. “லைன் சூப்பராக் கீது சார். உன் ஆளுதான் பண்ணல” என்றார். நேற்றும் வரவில்லை.

மிஷின் குரல் கேட்டு வைத்திருப்பாள். அப்பா ரிடையர் ஆகிவிட்டார் என்று நினைத்திருப்பாள். செத்துவிட்டார் என்றுகூட நினைத்திருக்கலாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது எனக்குத்தான்.

பழைய போர்டைக் கழற்றி டெஸ்பாட்சிலேயே மூலையில் போட்டிருக்கிறார்கள். பார்த்தால் எரிச்சல் வருகிறது. அதன்மேல் அட்டைப்பெட்டியை அடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அடுத்த வாரமும் வராவிட்டால் கோவளம் குப்பத்துக்குப் போகிறேன். பிரேமின் அம்மா முத்தாலம்மாள் கேளம்பாக்கம் சந்தையில் மீன் விற்கிறாள், கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பெண் கேட்டு வந்தவளை நம் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, “மீன் வேண்டாம், போ” என்று சொன்னவன் நான். அவள் என்னைச் செருப்பால் அடித்தாலும் பட்டுக்கொண்டு, என் பெண் எங்கே என்று கேட்பேன்.

சூரி


சேலையூர்,
18.4.2007

அக்கா,

இன்றும் வரவில்லை. உன் பதிலும் வரவில்லை. மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். லோகா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஞாயிறன்று கோவளம் போகிறேன்.

சூரி


விருத்தாசலம்,
20.4.2007
(கூரியர்)

சூரி,

கோவளத்துக்குப் போகாதே. என்மேல் ஆணை. வரும் புதன் வரை பொறு. அப்புறம் உன் இஷ்டம்.

நாகலக்ஷ்மி


சேலையூர்,
26.4.2007

அன்புள்ள அக்காவுக்கு ஆயிரம் நமஸ்காரம்.

வந்துவிட்டது! நேற்றுக் காலை பத்து முப்பத்திரண்டு. உன் வாக்கு பலித்தது.

மணி அடித்ததும் முதலில் திரையைத்தான் பார்த்தேன். 04151. கள்ளக்குறிச்சி! இத்தனை நாள் டில்லி, கல்கத்தா என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், பெண் கள்ளக்குறிச்சியில் இருக்கிறாள். உனக்கு ஒரு பஸ் தூரம். நம்பரைக் கையில் எழுதிக்கொண்டேன், பேப்பர் எடுக்கக்கூடப் பொறுமையில்லை.

“மிஷினுக்குப் பயப்படாதேம்மா, எதையும் அமுக்காம இரு, அப்பா வந்துடுவேன்” என்றேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாளில் முதல் தடவை. நானும் அழுதேன். டெஸ்பாட்சில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் அந்த நம்பருக்கு அடித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத்தாம். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். ஓசூரில் ஆபீஸ் வேலை என்று லோகாவிடம் சொல்லிவிட்டேன். ப்ரியாவோடு வாசலில் வந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். திரும்பும் வழியில் இரண்டு பேரும் உன் வீட்டுக்கு வருவோம். அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்து வை.

சூரி


சேலையூர்,
29.4.2007

அக்கா,

நேற்றுக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன்.

பூத்காரர் பேர் ஞானையா. ப்ரியாவின் கல்லூரி போட்டோவைக் காட்டினேன். பார்த்ததில்லை என்றார். புதன்கிழமை காலை பத்தரைக்கு என்றதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பொண்ணு இல்லீங்க சார், வயசான அம்மா. விருத்தாசலம் பஸ்ஸுல வந்து எறங்கினாங்க, காலைத் தாங்கித் தாங்கி நடந்தாங்க. போனைப் போட்டுட்டு ஒரு வார்த்தை பேசல. முழுக்கக் கேட்டுட்டு, அழுதுக்கிட்டே வெளிய வந்தாங்க. பேசாம இருக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்து போன் போட்டீங்கன்னு கேட்டேன். ‘என் தம்பி பேசறான்’னாங்க.”

அவர் போட்டுக் கொடுத்த ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விருத்தாசலத்தைத் தாண்டித்தானே கள்ளக்குறிச்சிக்குப் போயிருக்கிறாய், திரையில் உன் ஊர் விழக் கூடாது என்று. புதன் வரை பொறு என்று நீ எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உன் வீட்டுக்கு வரவில்லை. வந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் பெண் இருக்கிறாளா?

இல்லையென்றால் தேதியை எழுது. பொய் எழுதாதே.

சூரி


விருத்தாசலம்,
3.5.2007

என் சூரிக்கு,

இல்லையடா. 28.8.2005, ஞாயிற்றுக்கிழமை. விசாகப்பட்டினத்தில், மூளைக் காய்ச்சல். நாலே நாள்.

பிரேம் எனக்குத் தந்தி மாதிரி இரண்டு வரி எழுதியிருந்தான். அவன் கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அங்கேதான் இருந்தார்கள். கடைசியில் முத்தாலம்மாள்தான் பக்கத்தில் இருந்தாளாம். ப்ரியாவின் தலை அவள் மடியில் இருந்ததாம். அந்தக் கடிதம் வந்த அன்று உன் மார்பைப் பிளந்து தைத்துப் பதினோராவது நாள். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் என்னிடமும் லோகாவிடமும் சொல்லியிருந்தார். லோகாவிடம் சொன்னால் அவள் முகம் உனக்குச் சொல்லிவிடும். கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நீ தேறி வேலைக்குப் போனாய். போனதும் எனக்கு என்ன எழுதினாய்? “மூன்று புதன் வரவில்லை அக்கா, இந்த வலி பைபாஸுக்கு முன்னால் வந்ததைவிடப் பெரிது.” அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இங்கே உள்ளூர் பூத்துக்குப் போனேன். ஒரே ஒரு தடவை, உன் மூச்சு சீராகட்டும் என்று. நீ வழக்கம்போல் வைத்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ வைக்கவில்லை. அடுத்த வாரம் போகாமல் எப்படி இருப்பேன்? அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். பொங்கல் கழிந்த அந்தப் புதனன்று நீ பேசியதெல்லாம் என் காதில்தான் விழுந்தது. மகளுக்குச் சேர வேண்டியதை அத்தை நின்று வாங்கிக்கொண்டேன். நடுவில் “நான் நாகுடா” என்று சொல்ல வாயெடுத்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய். சொல்லவில்லை.

அவள் இருந்தபோது எனக்கு எழுதுவாள். உன்னிடம் மறைத்தேன், அவள் கேட்டுக்கொண்டாள். புதன்தான் அவளுக்கு வார விடுமுறை. ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறாள்: “அப்பா உடனே வெச்சுடறார் அத்தை. ஆனா இவ்வளவு நாள்ல ஒரு புதன்கூட வேற யாரும் எடுத்ததில்லை. அப்பா புதன்கிழமை லீவே போடறதில்லை போல.” எழுதிவிட்டுப் பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருந்தாள்.

உன்னை ஏமாற்றினேன். நீ என்ன சொன்னாலும் எனக்குத் தகும்.

நாகு


சேலையூர்,
22.5.2007

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்ததில்லை, கேட்கத்தான் வரவில்லை. இப்போது கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தக் காலோடு அத்தனை தூரம் பஸ்ஸில் நின்றுகொண்டா போனாய்?

உன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் என்னிடமே வந்து நிற்கிறது. அவள் உயிரோடு இருந்து கூப்பிட்ட அத்தனை புதனும் நான் வைத்தேன். அவள் போன பிறகு உட்கார்ந்து பேசினேன். உயிரோடு இருந்த மகளுக்கு நான் தந்தது “வணக்கம்” என்கிற ஒரு சொல். அதைக்கூட ஆபீஸுக்காகச் சொன்னேன், அவளுக்காகச் சொல்லவில்லை. லீவு போடாததை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கடிதத்தை லோகாவின் கையில் கொடுக்கத் தைரியம் வரவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை செய்தியைச் சொல்லிவிட்டேன்.

ஐயரைக் கேட்டேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பெற்றவர்கள் மூன்று நாள் தீட்டுக் காக்க வேண்டும், சேதி வருஷம் தாண்டி வந்தால் ஒரு முழுக்கு போதும் என்றார். நான் எங்கே கட்டிக்கொடுத்தேன் என்று கேட்கவில்லை. கிணற்றடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளி ஊற்றிக்கொண்டோம். அவ்வளவுதான், முடிந்துவிட்டதாம்.

லோகா சத்தம் போட்டு அழவில்லை. ஈரத் தலையோடு உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: “நீங்க ஒரு தடவையாவது அவகிட்ட நல்லபடியா பேசினீங்களா?”

பேசினேன் என்றேன். “என்ன பேசினீங்க?” என்றாள். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவள் நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆறு வருஷம் அவளையும் பேசவிடாமல் வைத்திருந்தவன் நான்.

கோவளத்துக்கும் போனேன். முத்தாலம்மாள் அடிக்கவில்லை. உட்காரச் சொன்னாள்.

புதன்கிழமை லைனை எடுத்துவிடலாம் என்று சிட்டிபாபுவிடம் சொல்லிவிட்டேன். “இன்னா சார், உன் ஆளு?” என்றார். இனிமேல் வராது என்றேன். இப்போது எதையும் அமுக்காதவர்களை மிஷின் “நன்றி” சொல்லி அனுப்பிவிடுகிறது.

பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறி வா அக்கா. எழும்பூர் வரை போகாதே, தாம்பரத்திலேயே இறங்கு, நான் பிளாட்பாரத்தில் நிற்கிறேன். வந்து, அன்றைக்கு நான் சொன்னதை லோகாவிடம் சொல். ப்ரியா கேட்டாள் என்று சொல்லாதே, இனி நமக்குப் பொய் வேண்டாம். நான் சொன்னேன் என்று மட்டும் சொல். உலகத்தில் அதைக் கேட்டவள் நீ ஒருத்திதான், எனக்கு இன்னொரு தடவை சொல்ல வராது.

உன் தம்பி,
சூரி